இரண்டாவது, மூன்றாவது வந்தவருக்கு எதற்கு இத்தனை கொண்டாட்டம்?

கேட்டிருப்பது இதுதான்: கார் ரேஸில் முதலில் வருபவர்தானே ஜெயித்தவர், அப்புறம் ஏன் 2வது, 3வது வந்தவர்களையும் மேடையேற்றிக் கோப்பை கொடுக்கிறார்கள்? துபாயில் அஜித் குமாரின் அணி 3வது வந்ததை ஏன் அவ்வளவு பெரிதாகப் பேசினார்கள்? இந்த டிரைவர்கள் நிஜமாகவே ஒருவரையொருவர் வெறுக்கிறார்களா?

நம்ம ஊர் ரேஸ் டிரைவர் நரேன் கார்த்திகேயன், கார் ரேஸின் உச்சத் தொடரான ஃபார்முலா 1க்குப் போன 2005ல் இருந்து இந்த விளையாட்டை விடாமல் பார்த்து வருகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடியத்தில், அதாவது முதல் மூன்று பேர் ஏறும் அந்த மேடையில், ஓர் இடம் எவ்வளவு பெரியது என்பதை, யாரையெல்லாம் தாண்டி அங்கே ஏறினார்கள் என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். சரியான எதிராளி இல்லாமல் ஏறிய போடியமும் வரலாற்றில் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. கிரிக்கெட் மேட்சில் இரண்டு அணி. ஒன்று ஜெயித்தால் இன்னொன்று தோற்றது, அவ்வளவுதான். ஃபார்முலா 1ல் 2025ல் 20 கார்கள் ஓடின, அந்த ஆண்டு 24 ரேஸ். உலகப் பட்டம் எந்த ஒரு ரேஸிலும் கிடைப்பதில்லை. எல்லா ரேஸிலும் சேர்த்த புள்ளிகளைக் கூட்டித்தான் தருகிறார்கள். முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 18, மூன்றாமிடத்துக்கு 15, நான்காமிடத்துக்கு 12, இப்படிக் குறைந்துகொண்டே போய் 10வது இடத்துக்கு 1. ஆக, 18 என்பது ஆறுதல் பரிசு இல்லை. கார் சரியாக அமையாத நாளில் பிடிவாதமாகப் போராடி வாங்கிய 18 புள்ளி, சீசன் முடிவில் பட்டமாகவே மாறலாம்.

2016ல் அப்படித்தான் நடந்தது. மெர்சிடிஸ் அணியில் லூயிஸ் ஹாமில்டனும் நிக்கோ ரோஸ்பெர்க்கும் ஒரே மாதிரிக் காரை ஓட்டினார்கள். சின்ன வயதில் கார்ட்டிங்கிலும் ஒரே அணியில் ஓடிய பையன்கள். அந்த ஆண்டு ஹாமில்டன் 10 ரேஸ் ஜெயித்தார், ரோஸ்பெர்க் 9. ஆனால் சாம்பியன் ஆனது ரோஸ்பெர்க். ஜப்பான் ரேஸ் முடிந்தபோது அவர் 33 புள்ளி முன்னால் இருந்தார், பாக்கி 4 ரேஸ். நான்கையும் ஹாமில்டனே ஜெயித்தார். நான்கிலும் ரோஸ்பெர்க் இரண்டாவது. ரேஸுக்கு 7 வீதம் 28 புள்ளிதான் குறைந்தது, 385க்கு 380 என்று பட்டம் ரோஸ்பெர்க் கைக்குப் போனது. மலேசியாவில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஹாமில்டனின் எஞ்சின் தீப்பிடித்து நின்றதும் இந்தக் கணக்கில் சேர்த்திதான், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் அந்த நான்கு இரண்டாமிடங்களில் ஒன்றே ஒன்று நான்காமிடமாகச் சறுக்கியிருந்தால்கூட ரோஸ்பெர்க் 379ல் நின்றிருப்பார்.

கடைசி ரேஸ் அபுதாபியில், இரவு விளக்கு வெளிச்சத்தில். ஹாமில்டன் ஜெயித்தாலும், ரோஸ்பெர்க் எப்படியாவது போடியம் ஏறிவிட்டால் பட்டம் அவருக்கு. நான்காவது வந்தால் போச்சு. அன்றைக்கு அந்த மேடையின் மூன்றாவது படிதான் உலக சாம்பியன் பட்டம் என்று சொல்லலாம். முதலில் ஓடிக்கொண்டிருந்த ஹாமில்டன் கடைசி லேப்களில், அதாவது கடைசிச் சுற்றுகளில், வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார். ஜெயிப்பதற்கு அவருக்கு அந்த வேகமே போதும். அவர் நினைத்தது வேறு: தனக்குப் பின்னால் ரோஸ்பெர்க் மாட்டிக்கொள்ளட்டும், புதுசான டயரில் பாய்ந்து வரும் ஃபெராரி டிரைவர் வெட்டல் அவரை முந்தட்டும், வெட்டலுக்குப் பின்னால் இருக்கும் வெர்ஸ்டாப்பனும் முந்தட்டும். வேகத்தைக் கூட்டச் சொல்லி அணியிலிருந்து ரேடியோவில் உத்தரவு வந்தது. ஹாமில்டன் கேட்கவில்லை. ரோஸ்பெர்க்கால் முன்னாலும் போக முடியவில்லை, கண்ணாடியில் தெரியும் சிவப்பு ஃபெராரியையும் விட முடியவில்லை. ஒரு சின்னத் தப்பு செய்தால் ஆண்டு முழுக்க உழைத்தது வீண். கோட்டைத் தாண்டும்போது ஹாமில்டனுக்கும் அவருக்கும் இடையே 0.439 நொடி. முதல் நான்கு பேரும் 2 நொடிக்குள் வந்து சேர்ந்தார்கள்.

ஹாமில்டன் செய்தது அழுகுணி ஆட்டம் என்று அப்போது பலர் திட்டினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் யாரையும் இடிக்கவில்லை, விதி எதையும் மீறவில்லை, பட்டத்துக்குக் கடைசி லேப் வரை போராடினார். ரோஸ்பெர்க்கின் பட்டத்துக்கு இவ்வளவு கனம் வந்ததே ஹாமில்டன் அதைச் சும்மா விட்டுக்கொடுக்காததால்தான்.

இந்தச் சண்டையின் வேர் ஓராண்டுக்கு முன்னால் இருக்கிறது. ரேஸ் முடிந்ததும் முதல் மூன்று பேரும் மேடைக்குப் போகும் முன் ஒரு சின்ன அறையில் உட்காருவார்கள். தண்ணீர் பாட்டில், துண்டு, 1, 2, 3 என்று எண் போட்ட தொப்பிகள் தயாராக இருக்கும். கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். அக்டோபர் 2015ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஹாமில்டன் ஜெயித்து, தன் மூன்றாவது உலகப் பட்டத்தையும் உறுதி செய்துகொண்டு அந்த அறைக்கு வந்தார். ரோஸ்பெர்க் அன்று கடைசிக் கட்டம் வரை முன்னணியில் இருந்து, ஒரு வளைவில் அகலமாகச் சறுக்கிப் போய் முதலிடத்தைப் பறிகொடுத்தவர். நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். ஹாமில்டன் 2ஆம் எண் தொப்பியை எடுத்து அவர் மடியில் எறிந்தார். ரோஸ்பெர்க் அதை அப்படியே திருப்பி அவர் மேல் விட்டெறிந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு அடுத்த ஏழு ரேஸையும் வரிசையாக ரோஸ்பெர்க் ஜெயித்தார், 2015ல் கடைசி மூன்று, 2016ல் முதல் நான்கு.

ஒரே அணிக்குள் ஏன் இத்தனை கசப்பு? வேறு அணிக்காரரிடம் தோற்றால் காரின் மேல் பழி போடலாம், எஞ்சின் போதவில்லை எனலாம். அதே காரை ஓட்டுகிறவரிடம் தோற்றால் சொல்ல எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் எந்த டிரைவருக்கும் தாண்ட வேண்டிய முதல் ஆள் பக்கத்து கராஜில் இருக்கிறார். பட்டம் வென்ற ஐந்தாவது நாள், 2016 டிசம்பர் 2ஆம் தேதி, 31 வயதில் ரோஸ்பெர்க் ஓய்வு அறிவித்தார். அந்தப் போட்டியை இன்னோர் ஆண்டு நடத்தும் தெம்பு அவரிடம் இல்லை என்றுதான் எனக்குப் புரிந்தது.

இனி, எதிராளி இல்லாத போடியம். இது நமக்கு நெருக்கமானது, ஏனென்றால் நம்ம கோயம்புத்தூர் நரேன் அதில் இருந்தார். 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். அங்கே ஒரு சரிவான வளைவில் மிஷலின் டயர்கள் தாங்கவில்லை, பயிற்சியின்போது ரால்ஃப் ஷூமாக்கர் சுவரில் மோதினார். பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லாததால் மிஷலின் போட்ட 14 கார்களும், ரேஸ் தொடங்கும் முன் ஓடும் ஃபார்மேஷன் லேப் முடிந்ததும், பிட்டுக்குள், அதாவது அணிகளின் கராஜ் பக்கம், போய்விட்டன. கிரிட்டில், அதாவது தொடக்க வரிசையில், நின்றது பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டுமே. இரண்டு ஃபெராரி முதல் இரண்டு இடத்தில், ஜோர்டான் அணியின் டியாகோ மோன்டைரோ மூன்றாவது, அவருடைய டீம்மேட் நரேன் நான்காவது. டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் கூச்சல் போட்டது, பாட்டில்கள் பறந்தன. மேடையில் ஃபெராரிக்காரர்கள் ஷாம்பெயினைத் தொடாமல் இறங்கிப் போனார்கள். மோன்டைரோ மட்டும் தனியாக நின்று கொண்டாடினார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஃபார்முலா 1 போடியம் ஏறிய முதல் போர்ச்சுகல்காரர் அவர், டயர் பிரச்சினைக்கு அவர் பொறுப்பும் இல்லை. நரேனுக்கு அன்று கிடைத்த 5 புள்ளிதான் ஃபார்முலா 1ல் ஓர் இந்தியர் எடுத்த ஒரே புள்ளிக் கணக்கு, அது புத்தகத்தில் இருக்கும், இருக்கட்டும். ஆனால் நரேனின் திறமைக்குச் சாட்சியாக நான் காட்டுவது வேறொரு ரேஸ். 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயில் ஏ1 கிராண்ட் பிரீ ரேஸை அவர் ஜெயித்தார். அந்தத் தொடரில் நாட்டுக்கொரு அணி, எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கார். யாரும் பிட்டுக்குள் ஒதுங்கவில்லை, காரைச் சாக்குச் சொல்லவும் யாருக்கும் வழியில்லை. ஃபார்முலா 1 புள்ளிகளைப் பற்றியே பேசுகிறவர்கள் இந்த வெற்றியைக் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

இண்டியானாபொலிஸ் மூன்றாமிடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மூன்றாமிடத்தை வைத்துப் பாருங்கள். நிக்கோ ஹூல்கன்பெர்க் 2010ல் ஃபார்முலா 1க்கு வந்தவர். முதல் ஆண்டே பிரேசிலில் போல் பொசிஷன், அதாவது தொடக்க வரிசையில் முதலிடம், எடுத்தார். 2015ல் போர்ஷே காரில் லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸையே ஜெயித்த அணியில் இருந்தார். ஆனால் ஃபார்முலா 1 போடியம் மட்டும் கைக்கு எட்டவேயில்லை. போடியமே ஏறாமல் அதிக ரேஸ் ஓடியவர் என்ற சாதனை அவர் பெயரில் ஒட்டிக்கொண்டது. 2025 ஜூலை 6, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், மழை. முந்தைய ஆண்டு கடைசி இடத்தில் முடித்த சாபர் அணியின் கார், 19வது இடத்திலிருந்து தொடக்கம். ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாமிடத்துக்கு வந்துவிட்டார். பின்னால் துரத்தியது யார் தெரியுமா? ஹாமில்டன், ஃபெராரியில், சொந்த நாட்டில். 2014 முதல் 2024 வரை ஒவ்வொரு பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயிலும் போடியம் ஏறியவர். அவரைக் கிட்டே வரவிடாமல் தன் 239வது ரேஸில் ஹூல்கன்பெர்க் மூன்றாவது வந்தார். ஜெயித்தது மெக்லாரன் அணியின் நாரிஸ், இரண்டாவது அவருடைய டீம்மேட் பியாஸ்ட்ரி. ஆனால் கீழே மற்ற அணிகளின் மெக்கானிக்குகள்கூடக் கைதட்டியது அவருக்குத்தான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

வெறுப்பு பற்றிக் கேட்டீர்களே. சில சமயம் உண்மையாகவே வெறுக்கிறார்கள். பிரேசில்காரர் சென்னாவும் பிரெஞ்சுக்காரர் ப்ராஸ்டும் 1988ல் மெக்லாரன் டீம்மேட்கள். அந்த ஆண்டு 16 ரேஸில் 15ஐ இவர்கள் இருவரே ஜெயித்தார்கள். ப்ராஸ்ட் ஓடி முடித்த 14 ரேஸிலும் ஒன்று முதலிடம், இல்லையென்றால் இரண்டாமிடம். மொத்தப் புள்ளி ப்ராஸ்ட் 105, சென்னா 94. ஆனால் அன்றைய விதிப்படி சிறந்த 11 ரேஸ் மட்டுமே கணக்கு. அதில் சென்னா 90, ப்ராஸ்ட் 87. நிதானமாகச் சேர்த்துக்கொண்டே போனவரை வெற்றிகளால் இன்னொருவர் தாண்டிவிட்டார். அந்தக் காயம் ஆறவில்லை. 1989ல் ஜப்பானின் சுசூகாவில் இருவரும் மோதிக்கொண்டதில் பட்டம் ப்ராஸ்டுக்கு. 1990ல் அதே சுசூகா, முதல் வளைவிலேயே சென்னா நேராகக் கொண்டுபோய் ப்ராஸ்டின் ஃபெராரியில் இடித்தார், பட்டம் சென்னாவுக்கு. வேண்டுமென்றே செய்ததை அடுத்த ஆண்டு அவரே ஒப்புக்கொண்டார். சென்னாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் இதை என்னால் ஏற்க முடியாது. அந்த வேகத்தில் இருவரில் ஒருவர் செத்திருக்கலாம்.

அப்புறம் 1993 நவம்பர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு. ப்ராஸ்டின் கடைசி ரேஸ். சென்னா முதல், ப்ராஸ்ட் இரண்டாவது. மேடையில் சென்னா கை நீட்டி ப்ராஸ்டைத் தன் படிக்கு இழுத்து ஏற்றிக்கொண்டார். எதிராளி போன பிறகு சென்னாவுக்கு ஏதோ குறைந்திருக்க வேண்டும். 1994 மே 1, இத்தாலியின் இமோலாவில் ரேஸ் தொடங்கும் முன் பிரெஞ்சு டி.வி.க்காக ஓட்டியபடியே பேசும்போது, அந்த டி.வி.யில் வேலை பார்க்கும் ப்ராஸ்டுக்கு வணக்கம் சொல்லி, அவர் இல்லாதது தெரிகிறது என்றார். அன்று பிற்பகல் சென்னா விபத்தில் இறந்தார். சாவோ பாலோவில் அவர் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ப்ராஸ்டும் ஒருவர்.

அஜித் விஷயம். 2025 ஜனவரியில் நடந்த துபாய் 24 மணி நேர ரேஸில் அவருடைய அணி 3வது வந்தது 992 என்ற பிரிவில், அதாவது போர்ஷே 911 ஜிடி3 கப் கார்களின் பிரிவில். மொத்த ரேஸில் 3வது என்று சிலர் பரப்பியது சரியில்லை. இதைச் சொன்னால் ரசிகர்கள் கோபிக்கிறார்கள், ஆனால் பிரிவு என்று சொன்னால்தான் அதன் பெருமை புரியும். பல வேகத்தில் ஓடும் பல வகைக் கார்கள் ஒரே டிராக்கில் ஓடுவதால், மொத்த வரிசையை வைத்து ஒரு டிரைவரை எடைபோட முடியாது. ஒரே மாதிரிக் கார்களுக்குள்தான் நியாயமான போட்டி. ரேஸுக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிய வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்த வாரத்திலேயே, டிரைவர்கள் மாறி மாறி ஒரு பகலும் இரவும் ஓட்டி, தங்களைப் போன்ற கார்களோடு மோதி எடுத்த மூன்றாமிடம் அது. அவர் அணியின் அடுத்த ரேஸ் முடிவு வரும்போது பிரிவைத் தேடிப் பாருங்கள், அதில் எத்தனை கார் ஓடியது, நான்காவது வந்தது எந்த அணி என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.