ஒரே சேமிப்பகம், இரு நெறிமுறைகள்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் விண்டோஸ் கணினிகளும் லினக்ஸ் சேர்வர்களும் ஒரே சேமிப்பகத்தைப் பயன்படுத்துகின்றன. சம்பளப் பட்டியலில் ஒருவர் செய்த திருத்தம் சிலவேளை காணாமற்போகிறது. வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் நெறிமுறைகளான எஸ்.எம்.பி. (SMB), என்.எப்.எஸ். (NFS) ஆகியவற்றில் எது பொருத்தமானது?
வாசகர், உவர்மலை, திருகோணமலை.

பதில்: விண்டோஸுக்கு எஸ்.எம்.பி.யும், லினக்ஸுக்கு, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கிய என்.எப்.எஸ்.ஸும் பொருந்தும்; நிறுவனச் சேமிப்பகங்கள் பல இரண்டையும் ஒருசேர வழங்குகின்றன. ஆயினும் ஒரே கோப்புறையை இரு வழிகளிலும் எழுதத் திறந்துவிடாதீர்கள். எஸ்.எம்.பி.யில், கோப்பைத் திறந்தவர் கேட்டுக்கொண்டால் சேர்வரே பிறரை எழுதவிடாமல் தடுக்கும், என்.எப்.எஸ்.ஸிலோ அத்தகைய பூட்டு பெரும்பாலும் கட்டாயமற்ற அறிவுறுத்தலாகவே நிற்பதால், அதைச் சரிபார்க்காத மென்பொருள் மேலெழுதிவிடும் என்பதே உங்கள் திருத்தம் தொலைவதற்கு நான் முதலில் சந்தேகிக்கும் காரணம். சம்பளப் பட்டியலை எஸ்.எம்.பி. வழியாக மட்டும் எழுதவிட்டு, லினக்ஸுக்கு வாசிப்பு அனுமதி மட்டும் கொடுங்கள். எஸ்.எம்.பி. முதற்பதிப்பு இயங்கினால் உடனே நிறுத்துங்கள். 2017 மே மாதம், கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் வானாக்ரை (WannaCry) தீநிரல் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.