சேடை ஓட்டும் டிராக்டருக்கு எந்தக் கிரீஸ்?

கேள்வி: வணக்கம் ஐயா. காவேரிப்பாக்கம் ஏரி ஆயக்கட்டில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். நவரை, சொர்ணவாரி இரண்டு நெல் போகத்துக்கும் சொந்த டிராக்டரில் ரொட்டவேட்டர் மாட்டி, நடவுக்கு முன் வயலைச் சேறாக்கிச் சேடை ஓட்டுகிறேன், வாடகைக்கும் போகிறேன். ஒரே வருஷத்தில் ரொட்டவேட்டர் ஓரத்துப் பேரிங் இரண்டு தடவை போய்விட்டது. கடையில் மஞ்சள், சிவப்பு, கருப்பு என்று மூன்று கிரீஸ் காட்டுகிறார்கள். எதை வாங்குவது? கியர் பாக்ஸில் ஆயில் வேறு கசிகிறது. கிரீஸை அடைத்து ஓட்டலாமா?

பதில்: வணக்கம். முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் கலந்துவிடும் சாயம்தான். ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொரு கம்பெனியின் சிவப்பும் வேறு வேறு சரக்காக இருக்கலாம். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

கிரீஸ் என்பது ஆயிலை ஒரு வகைச் சோப்பில் பிடித்து வைத்திருப்பது. எந்தச் சோப்பு என்பதில்தான் அதன் குணம் இருக்கிறது. சோடியம் சோப்பு தண்ணீர் பட்டால் கரைந்து போகும். சேற்றில் இறங்கும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். சாதா கால்சியம் தண்ணீருக்கு அசையாது, ஆனால் சூடு தாங்காது. 60 டிகிரியைத் தாண்டினாலே தளர ஆரம்பிக்கும். நம் வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயில் தனியாகவே 40-ஐத் தாண்டுகிறது, ஓடுகிற பேரிங்கின் சூடு அதற்கு மேலே. லித்தியம் தண்ணீரையும் ஓரளவு தாங்கும், சுமார் 120 டிகிரி வரை வேலையும் செய்யும்.

அதனால் உங்களுக்கு 'லித்தியம் இ.பி. 2' என்று போட்ட கிரீஸ் போதும். இ.பி. என்றால் பாரம் அழுத்தும் இடத்திலும் பிடித்து நிற்கும் என்று அர்த்தம். 2 என்பது கெட்டித்தன்மை. 000 முதல் 6 வரை இருக்கும் வரிசையில் 2 வெண்ணெய்ப் பதம், கிரீஸ் கன்னில் சுலபமாக ஏறும். வாடகைக்குச் சேடை ஓட்டுகிறீர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் சேற்றுத் தண்ணீரில் இதைவிட நன்றாக நிற்கும். விலை கூடத்தான். ஆனால் பழைய லித்தியத்தின் மேலேயே அதை ஏற்றாதீர்கள். சேராத இரண்டு கிரீஸ் கலந்தால் இளகி வெளியே ஒழுகிவிடும். பழசு முழுக்க வெளியே வந்த பிறகு மாற்றுங்கள்.

கருப்பில் இருப்பது கிராஃபைட் அல்லது மாலிப்டினம். கிங் பின், லிஃப்ட் பின் மாதிரி மெதுவாக உரசும் இடங்களுக்கு நல்லது. முன் சக்கர பேரிங்கில் போடாதீர்கள்.

ஆனாலும் உங்கள் பேரிங் போனதற்குக் கிரீஸ் வகை மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. சேடை முடிந்ததும் வாய்க்காலிலேயே வண்டியைக் கழுவுகிறோம் இல்லையா? சூடாக இருக்கும் பேரிங் மேல் தண்ணீர் பட்டுச் சட்டென்று குளிரும்போது, பேரிங்கை மூடியிருக்கும் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் கரையேறியதும் கழுவுவதற்கு முன் கிரீஸ் அடியுங்கள். இன்ஜினை நிறுத்தி, ரொட்டவேட்டருக்குக் கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் அடியில் கை விட வேண்டும். கிரீஸ் ஏற்றும் நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் வரை மெதுவாக அடியுங்கள். வெளியே வருவதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வெளுத்துப்போய்ப் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நறநறவென்று மண் தட்டினால் சீல் போய்விட்டது. அப்புறம் எவ்வளவு நல்ல கிரீஸும் காப்பாற்றாது. அச்சு ஓரத்தில் வைக்கோலும் நைலான் கயிறும் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். சீலை அறுப்பது பல நேரம் அதுதான்.

டிராக்டரிலிருந்து ரொட்டவேட்டரைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. சாஃப்ட்டின் கிராஸுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கிரீஸ் அடியுங்கள். டிராக்டர் முன் அச்சுக்குப் புத்தகத்தில் எத்தனை மணி நேரம் போட்டிருந்தாலும், சேடை நாட்களில் தினமும். முன் சக்கர ஹப்பைக் கழற்றினால் பேரிங்கை டீசலில் கழுவி நன்றாகக் காயவிட்டு, குண்டுகளுக்கு இடையில் கையால் திணியுங்கள். ஹப்பை முழுக்க அடைத்தால் சூடு ஏறும். பாதிக்கு மேல் வேண்டாம்.

கியர் பாக்ஸில் கிரீஸ் அடைக்கவே கூடாது. பல் சுற்றும்போது கெட்டிக் கிரீஸ் ஓரத்துக்கு ஒதுங்கி அங்கேயே ஒட்டிக்கொள்ளும், திரும்பி வராது. பல் காய்ந்து ஓடித் தேயும். புத்தகத்தில் சொன்ன கியர் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். அடுத்த சேடைக்கு இறங்குவதற்கு முன் பட்டறையில் விட்டு சீலை மாற்றிவிடுங்கள். அப்போது பழைய ஆயிலை ஒரு தட்டில் வடித்துப் பாருங்கள். பால் காபி நிறத்தில் வந்தால் அங்கேயும் தண்ணீர் இறங்கியிருக்கிறது. உள்ளே கழுவிய பிறகு புது ஆயில் ஊற்றச் சொல்லுங்கள்.