பவர் மீட்டருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: எனக்கு 38 வயது. ஞாயிறுதோறும் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை ஈ.சி.ஆரில் சைக்கிள் ஓட்டுகிறேன். சைக்கிள் ஷிமானோ 105 கியர் செட்டோடு 1,10,000 ரூபாய் ஆனது. கால் மிதிக்கும் சக்தியை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் வாங்கச் சொல்கிறார் கோச். நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய இடது கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) மீட்டரை 16,000-க்குத் தருவதாகச் சொல்கிறார். இரண்டு பக்கமும் அளக்கும் பெடல் 75,000 ஆகுமாம். சைக்கிள் விலையில் முக்கால்வாசியை மீட்டருக்கே கொடுப்பதா? போன வருடம் வலது முழங்காலில் லிகமென்ட் ஆபரேஷன் நடந்ததால், இப்போதுதான் மெல்ல மெல்லப் பழையபடி ஓட்டுகிறேன். எது நியாயமான விலை?
– வாசகர், சென்னை

பதில்: ஆபரேஷனைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் கேள்விக்கு விடையே அதில்தான் இருக்கிறது.

முதலில் பொதுவான விலை நிலவரம். 2012-ல் ஸ்டேஜஸ் நிறுவனம் இடது கிராங்கில் மட்டும் சென்சார் வைத்த மீட்டரை 699 டாலருக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் வந்த கார்மின் வெக்டர் பெடலின் விலை 1,699 டாலர். 2014-ல் ஃபோர்ஐஸ் நிறுவனம் 399 டாலர் என்று அறிவித்ததும், 'இதற்குமேல் ஏன் கொடுக்க வேண்டும்' என்று சைக்கிள்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வி இன்றுவரை ஓயவில்லை. நம் ஊருக்கு வரும்போது சுங்கவரியும் ஜிஎஸ்டியும் சேர்ந்துவிடும். என்னைக் கேட்டால், இரண்டு காலும் ஏறக்குறைய சமமாக உழைக்கிற ஒருவர் புதிய இடது கிராங்க் மீட்டருக்கு 30,000 வரை கொடுக்கலாம். பழையதென்றால் ஏறக்குறைய அதில் பாதி. அந்தக் கணக்கில் உங்கள் நண்பர் கேட்பது நல்ல விலைதான்.

ஆனால் உங்களுக்கு அது வேண்டாம்.

கிராங்கின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ், நீங்கள் மிதிக்கும்போது அந்த உலோகம் வளைகிற துளி வளைவை அளக்கிறது. அதையும் கால் சுற்றும் வேகத்தையும் வைத்து வாட் கணக்காகிறது. இடது கிராங்க் மீட்டருக்கு வலது காலைப் பற்றி எதுவும் தெரியாது. இடது காலின் வாட்டை இரண்டால் பெருக்கிக் காட்டிவிடும். நீங்கள் மொத்தம் 200 வாட் மிதிக்கிறீர்கள், வலது கால் இன்னும் தேறாததால் இடது கால் அதில் 110 வாட்டைச் சுமக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் 220 காட்டும். ஆறு மாதத்தில் வலது கால் தேறி, பாரம் சரிபாதியாகப் பிரிகிறது. அதே 200 வாட்டுக்கு இப்போது மீட்டர் 200 காட்டும். கால் தேறியிருக்கிறது, ஆனால் எண் 20 வாட் இறங்கியிருக்கிறது! அதைப் பார்த்து நீங்கள் இன்னும் அழுத்தி மிதிப்பீர்கள். ஆபரேஷன் ஆன முழங்காலுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

மற்றவர்களுக்கு இது பெரிய சிக்கலே இல்லை. 48-க்கு 52 என்று சின்ன வித்தியாசம் இருந்தாலும், அது தினமும் ஒரே மாதிரி இருந்தால் பயிற்சிக்கு ஒன்றும் ஆகாது.

கோச் சொல்வது நியாயம்தான். ஈ.சி.ஆரில் வேகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காற்று முதுகைத் தள்ளினால் 35-ல் போகலாம், திரும்பும்போது அதே உழைப்புக்கு 26 வந்தாலே அதிகம். வாட் அப்படி ஏமாற்றாது.

அதனால் நீங்கள் இரண்டு காலையும் அளக்கும் மீட்டரைத்தான் பார்க்க வேண்டும். ஸ்பைடரில் (வலது கிராங்கையும் பல்சக்கரத்தையும் இணைக்கும் பாகம்) அளக்கும் மீட்டர் இரண்டு காலின் மொத்த விசையையும் சேர்த்து அளக்கும், விலையும் பெடலைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஆனால் 105 கிராங்கில் ஸ்பைடரைத் தனியாகக் கழற்ற முடியாது, கிராங்க்செட்டையே மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். இடது, வலது என்று ஒவ்வொரு காலும் எவ்வளவு என்பதை நம்பிக்கையாகக் காட்டுவது பெடல்தான். பிசியோவிடம் அந்தப் பதிவைக் காட்டலாம், நாளைக்குச் சைக்கிளை மாற்றினாலும் பெடலைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம். 75,000 பெரிய தொகைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் நிலைமையில் அது வீண்செலவு ஆகாது. கையிருப்பு போதாதென்றால் ஆறு மாதம் இதயத் துடிப்பை அளக்கும் ஹார்ட் ரேட் ஸ்ட்ராப்போடு ஓட்டிப் பணம் சேருங்கள். தவறான எண்ணைக் காட்டும் மீட்டரைவிட அது மேல். வாங்கும்முன் க்ளீட் (ஷூவின் அடியில் இருந்து பெடலில் மாட்டும் துண்டு) எந்த வகை என்று பாருங்கள். பல பெடல்கள் லுக் கியோ வகைக்கானவை, ஷிமானோ க்ளீட் அதில் மாட்டாது.

பழைய பெடல் கிடைத்தால் ஏலகிரியில் சோதித்துப் பாருங்கள். நீங்கள், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டர் உயரத்தை 35 நிமிடத்தில் ஏறினால், அந்த எடையை மேலே தூக்க மட்டுமே ஏறக்குறைய 200 வாட் வேண்டும். டயர் உராய்வும் காற்றும் அதற்குமேல். மீட்டரின் சராசரி 200-க்குக் கீழே வந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.