அட்மிஷன் போடும் முன் அட்டையை நீட்டுங்கள்

கேள்வி: நாங்கள் பாம்பன் பக்கம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். நான் கடல்பாசி எடுக்கப் போவேன். அவர் மீனவர் தொழிற்சங்கத்தில் வருடா வருடம் சந்தா கட்டுகிறார். மீனவர் நல வாரிய அட்டை, கூட்டுறவு சங்கப் புத்தகம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாம் பெட்டியில் இருக்கின்றன. போன மாதம் வலை இழுக்கும் வின்ச் மெஷினில் ரோப் சுற்றி அவருக்கு வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. பதற்றத்தில் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். செயினை அடகு வைத்து 38,000 ரூபாய் கட்டினோம். டிஸ்சார்ஜ் அன்று காப்பீட்டு அட்டையைக் காட்டினால், "முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்கிறார்கள். கட்டிய பணம் திரும்ப வருமா? இத்தனை அட்டையும் எதற்குத்தான்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், கட்டிய பணம் கைக்குத் திரும்பி வராது. அது ரொக்கம் கொடுக்கும் திட்டம் அல்ல. ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் போகும் திட்டம். சிகிச்சை தொடங்கும் முன்பே ஆஸ்பத்திரி கணினியில் ஏற்றி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஆனால் உங்களுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு உண்டு. மீனவர் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை; மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனமானாலோ 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், விபத்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த செலவுக்கு 25,000 ரூபாய் வரை. உங்கள் வீட்டுக்காரர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை, கூட்டுறவு சங்கப் புத்தகம், ஆதாருடன் உங்கள் பகுதி மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இந்த வாரமே போய்ப் பாருங்கள். நாள் தள்ளத் தள்ள மனு பலவீனமாகிவிடும்.

அந்த மனு நிற்பதும் விழுவதும் ஒரே ஒரு வரியில்தான் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து, காயம் எப்படி ஏற்பட்டது என்று எழுதியிருக்கும் இடத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "விரல் நசுங்கிய காயம்" என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, கடலில் மீன்பிடிக்கும்போது படகின் வின்ச்சில் மாட்டி ஏற்பட்ட காயம் என்று இருக்க வேண்டும். நம் கரையில் பல வீடுகளில் நடக்கும் தவறு இதுதான்: போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டுமே என்று பயந்து, கேஷுவாலிட்டியில் கேட்கும்போது "வீட்டில் வழுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுகிறோம். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். பதிவில், அது அப்படியே ஏறிவிடும். பிறகு எந்த அலுவலகத்தில் கடல் விபத்து என்று சொன்னாலும் அந்தக் காகிதம் நமக்கு எதிராகவே பேசும். உள்ளதைச் சொல்லியும் டாக்டர் எழுதாமல் விட்டிருந்தால், இப்போதே போய் நடந்ததை விளக்கித் திருத்திய சீட்டு கேளுங்கள்.

கூடவே மூல பில்கள், எக்ஸ்ரே, அன்று படகு கடலுக்குப் போனதற்கான டோக்கன் நகல், படகு உரிமையாளர் அல்லது டிரைவர் கையெழுத்திட்ட கடிதம், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூலத்தைக் கொடுத்தால் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்காமல் வராதீர்கள். சங்கத்தின் பலத்தை இந்த இடத்தில்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு பெண் தனியாக ஐந்து முறை நடக்கும் வேலையை, சங்கச் செயலாளர் லெட்டர்பேடில் ஒரு கடிதத்தோடு உடன் வந்தால் ஒரு நடையில் முடிக்கலாம். சந்தா கட்டுவது இதற்கும் சேர்த்துத்தான், கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

விரல் இன்னும் மடங்கவில்லை என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் காட்டுங்கள். 2022-ல் கல்லூரி தொடங்கியதிலிருந்து எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. பிசியோதெரபியை விட்டுவிட்டால் விரல் அப்படியே இறுகிப்போகும். வலை இழுக்கிற கைக்கு அது பெரிய இழப்பு. சிகிச்சை முடிந்தும் குறை நிலைத்துவிட்டால் அப்போது மாற்றுத்திறன் சான்று வாங்கி, பகுதி ஊனத்துக்கான மனுவைத் தனியாகக் கொடுக்கலாம்.

இனி அந்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும். குடும்பம் முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 5 லட்சம் வரை. (மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது, அக்கம்பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.) சளி, காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க இது உதவாது. பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சைகளுக்கும் உள்நோயாளிச் சிகிச்சைகளுக்கும்தான். ஆஸ்பத்திரியும் பட்டியலில் இருக்க வேண்டும். சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனையில் மட்டுமே செய்துகொள்ள முடியும்.

அதனால் வாசலிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா? இந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா? காப்பீட்டுப் பிரிவு எங்கே இருக்கிறது? அட்வான்ஸ் கட்டும் முன், அட்மிஷன் சீட்டு போடும்போதே அட்டையை அந்த மேசையில் வையுங்கள். அனுமதி வந்துவிட்டால் படுக்கை, டாக்டர், மருந்து, பரிசோதனை, நோயாளிக்குச் சாப்பாடு எல்லாம் அந்தப் பேக்கேஜுக்குள் அடக்கம். "மருந்துக்கு மட்டும் தனியா கட்டுங்க" என்றால் ரசீது கேளுங்கள். அங்கே நின்றபடியே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபின் பேசுவதைவிட, வார்டில் இருக்கும்போது பேசினால் வேலை நடக்கும்.

அட்டை செல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். குடும்பம் என்பது ரேஷன் அட்டையில் உள்ளபடிதான். மருமகள் பெயரை அம்மா வீட்டு அட்டையிலிருந்து மாற்றவில்லை, ஆதாரில் இனிஷியல் முன்னால், ரேஷன் அட்டையில் பின்னால் என்று சிறு பிசகு இருந்தாலும் மேசையில் நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று, விரல் ரேகை. வலையும் கயிறும் உப்புத் தண்ணீரும் தேய்த்த விரலை மெஷின் பல நேரம் எடுக்காது. அப்போது "ரேகை விழல" என்று திரும்பி வந்துவிடாமல், கண் கருவிழிப் பதிவோ ஓ.டி.பி.யோ கேளுங்கள். ஓ.டி.பி. வர ஆதாரோடு சேர்த்த செல் நம்பர் வேண்டும். அந்த நம்பர் உங்கள் வீட்டுக்காரரோடு கடலுக்குப் போய்விடும் நம்பராக இல்லாமல், கரையில் இருக்கும் நம்பராக இருப்பது நல்லது.

இதையெல்லாம் சரிசெய்ய ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில், ஆண்களும் கரையில். வருமானச் சான்று வாங்குவது, ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய் அட்டையைச் சரிபார்ப்பது, நல வாரிய உறுப்பினர் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது, நாமினி பெயர் இன்னும் காலமான அம்மா பெயரிலேயே கிடக்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் அப்போதுதான் முடியும்.

தடைக்காலத்தில் ஒரு கண்ணியும் இருக்கிறது. வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம். அந்த 20 ரூபாயைப் பிடிப்பது மே மாதக் கடைசியில். சரியாக அந்த நேரம்தான் தொழில் இல்லாமல் கணக்கு துடைத்து வைத்ததுபோல் இருக்கும். பணம் இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும், யாரும் வந்து சொல்லப் போவதில்லை. மே 20-க்குள் கணக்கில் 100 ரூபாயாவது போட்டு வையுங்கள். உங்கள் கணக்கிலும் தனியாக ஒன்று எடுங்கள். ஒரு கையோ ஒரு காலோ செயலிழந்தால், அல்லது ஒரு கண் பார்வை போனால் இதில் 1 லட்சம். விரல் மட்டும் போனால் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடலில் உயிர்ச்சேதம் நேர்ந்தால், எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் எந்த விபத்துக் காப்பீடும் அசையாது. துக்கத்தில் "உடம்பை அறுக்க வேண்டாம்" என்று ஊரே சொல்லும். அந்தச் சொல்லை ஏற்றால் பிள்ளைகளின் பணம் போய்விடும். இதை அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியது சங்கத்தின் பொறுப்பு. வீட்டார் தலையில் வைக்கக் கூடாது. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் அவர் செல்லில் ஏற்றி வையுங்கள்.

இப்போது உங்களைப் பற்றி. கடிதத்தில் உங்களுக்காக ஒன்றும் கேட்கவில்லை நீங்கள். பாசி எடுப்பதும் மீன்பிடி சார்ந்த தொழில்தான். உங்கள் பெயரிலேயே மீனவ மகளிர் கூட்டுறவு சங்கத்திலும் நல வாரியத்திலும் பதிவு கேளுங்கள். கணவர் அட்டையில் மனைவியாக இருப்பது வேறு, தொழிலாளியாக இருப்பது வேறு. பாறையில் கால் கீறினால் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, டிடி ஊசி பாக்கி இருந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிடுங்கள். திருக்கை முள் குத்தினால், தாங்கும் அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி இறங்கும். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தி நின்றால் முள்ளைப் பிடுங்காமல் 108-ஐ அழையுங்கள்.

30 வயதைத் தாண்டியிருந்தால் பிரஷர், சுகர், மார்பக, கருப்பை வாய்ப் பரிசோதனை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். முடங்கிக் கிடப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் உண்டு. மாத்திரை கொண்டு வரும் பெண்ணிடம், நீங்கள் தீவுப் பக்கம் பாசிக்குப் போகாத நாளைச் சொல்லி வையுங்கள். இல்லையென்றால் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிப் போய்விடுவார்கள், மாத்திரை இடையில் அறுந்துவிடும்.

சங்கத்துக்கும் ஒரு வேலை சொல்லுங்கள்: மார்ச் மாதமே வட்டார மருத்துவ அலுவலருக்கு மனு கொடுத்து, தடைக்காலத்தில் படகு நிற்கும் துறையிலேயே ஒரு நாள் முகாம் போடச் சொல்லுங்கள். பிரஷர், சுகர், கண், பெண்களுக்குத் தனி மறைப்போடு பரிசோதனை. காலை எட்டு மணிக்கு முன் வைத்தால் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கலாம். பத்து மணிக்கு வைத்தால் எல்லோரும் டீ குடித்துவிட்டுத்தான் வருவார்கள்.