யாருடைய காலைக் கழுவுவீர்கள்?

கேள்வி: காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். ஆலயப் புதுப்பிப்புக் கணக்கை நான் கேட்டபோது, அது உலகியல் என்று எழுந்த சச்சரவு பிடிக்காமல் பங்குப் பேரவையிலிருந்து (ஆலய மக்களின் ஆலோசனைக் குழுவிலிருந்து) விலகிவிட்டேன். ஞாயிறு திருப்பலிக்கும் இப்போது போவதில்லை. தொடக்ககாலக் கிறிஸ்தவப் பாலைவனத் துறவியரைப் படித்துக்கொண்டு, கடையை மகனிடம் விட்டுவிட்டு, மாடி அறையில் மௌனமாக இருக்கிறேன். கடவுளை எங்கிருந்தும் வழிபடலாம் அல்லவா? துறவிகளுக்கும் கடைக்கும் என்ன தொடர்பு என்று மகன் கேலி செய்கிறான். எங்களில் யார் சொல்வது சரி? – வாசகர் ஒருவர், காரைக்குடி.

பதில்: இருவர் சொல்வதும் சரியன்று.

கடவுளை எங்கிருந்தும் வழிபடலாம் என்று துறவியரும் எழுதியிருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்து 399-ஆம் ஆண்டு மறைந்த துறவி எவாகிரியுஸ் அந்தச் சொற்களைப் பேயின் வாயில் வைத்தார். காலை 10 மணியளவில் தொடங்கிப் பிற்பகல் 2 மணி வரை துறவியை வாட்டும் சோர்வுப் பேய், பொழுது நகரவே இல்லை என்று தோன்றச் செய்யும். இருக்கும் இடத்தின் மீதும் செய்யும் கைவேலையின் மீதும் வெறுப்பை ஊட்டும். சகோதரரிடையே அன்பு அற்றுப்போயிற்று என்று சொல்லும். அண்மையில் எவரேனும் மனம் நோகச் செய்திருந்தால் அதையும் கிளறிவிடும். கடைசியில், கடவுள் ஓரிடத்திலா இருக்கிறார், எங்கும் வழிபடலாமே என்று நியாயம் கற்பித்துத் துறவியை அறையை விட்டே கிளப்பிவிடும். உங்கள் கடிதத்தில் இவற்றுள் எது இல்லை? எவாகிரியுஸ் சொன்ன துறவி அறையை விட்டு ஓடினார், நீங்கள் அறைக்குள் ஓடினீர்கள். இருவருமே விட்டுப் போனது தமக்கு வாய்த்த இடத்தைத்தான்.

தனிமையின் தந்தையாக எல்லாரும் காட்டும் வனத்து அந்தோணியாரையே பாருங்கள் (நம் ஊர்களில் செவ்வாய்தோறும் கூட்டம் கூடும் பதுவை அந்தோணியார் வேறு). தங்கைக்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அவர் துறவு பூண்டார். பாழடைந்த கோட்டையொன்றில் இருபது ஆண்டுகள் அடைந்து கிடந்தவர், பின்னர் வெளியே வந்து, தேடி வந்தவர்களுக்கு வழிகாட்டினார். ரோமப் பேரரசன் மாக்சிமினுஸ் காலத்துத் துன்புறுத்தலில் அலெக்சாந்திரியாவுக்கே போய், சிறையிலும் சுரங்கத்திலும் வாடிய கிறிஸ்தவர்களுக்குத் தொண்டு செய்தார். நம் வாழ்வும் சாவும் அயலாரிடமே இருக்கின்றன என்பது அவருடைய வாக்கு. நான்காம் நூற்றாண்டு ஆயரான செசாரியாவின் பசிலியார் இன்னும் நேராகவே கேட்டார்: தனியே வாழ்ந்தால் யாருடைய காலைக் கழுவுவீர்கள், யாருக்குப் பின்னால் கடைசியாக நிற்பீர்கள்? மாடி அறையில் இதற்கு விடை கிடைக்காது.

பேரவைச் சச்சரவுக்கு வருவோம். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் மடத்துக்கு எழுதிய 73 அத்தியாய ஒழுங்கில் (துறவற விதிநூலில்), முக்கியமான காரியம் எதுவாயினும் எல்லாரையும் கூட்டிக் கேட்க வேண்டும் என்றும், சிறந்ததை ஆண்டவர் பல வேளைகளில் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்றும், எவரும் தம் கருத்தை அடம்பிடித்து நிலைநாட்டலாகாது என்றும் மூன்றாம் அத்தியாயம் சொல்கிறது. நம் பங்குகளிலோ இளையவர்களைத் திருவிழாவுக்குப் பந்தல் போடத்தான் கூப்பிடுகிறோம். கணக்குப் பார்க்கக் கூப்பிடுவதில்லை. கணக்குக் கேட்பது உலகியல் என்று உங்களிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை. மடத்தின் பாத்திரங்களையெல்லாம் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலக் கருத வேண்டும் என்று 31-ஆம் அத்தியாயமும், யாரிடம் எதைக் கொடுத்தோம், எதைத் திரும்பப் பெற்றோம் என்பதற்கு மடத்தலைவர் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்று 32-ஆம் அத்தியாயமும் விதிக்கின்றன. கல்யாணச் சீர்ச்சாமான்களைக் கரண்டி வரை எழுதிவைத்துப் பழகிய செட்டிநாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் கேள்வி நியாயமானதென்றால், அதைப் பேரவையில் உட்கார்ந்தே, குரலை உயர்த்தாமல், விடை வரும்வரை கேட்டிருக்க வேண்டும். இப்போதும் தாமதமாகிவிடவில்லை.

மகனுக்கு ஒரு சொல். அதே ஒழுங்கின் 57-ஆம் அத்தியாயம் கடையைப் பற்றியதுதான். மடத்தின் கைவினைப் பொருள்களை விற்பவர்கள் எவ்வித வஞ்சகமும் செய்யலாகாது, நிலம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஒளித்து உயிரிழந்த விவிலியத் தம்பதி அனனியாவையும் சப்பிராவையும் நினைத்துக்கொள்ள வேண்டும், வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைந்த விலைக்கே கொடுக்க வேண்டும் என்கிறது அது. பூர்வீக வீட்டைப் பராமரிக்க முடியாமல் பிரித்து விற்கும் குடும்பத்திடம் தேக்குக் கதவையும் பித்தளை அண்டாவையும் எடைக்கு எடுத்து, வெளியூர்க்காரருக்கு நூற்றாண்டுப் பழமைக்கு விலை சொல்லும் பழக்கம் உங்கள் கடையில் இருக்குமானால், அப்பாவும் மகனும் சேர்ந்தே அந்த அத்தியாயத்தைப் படிக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குறைந்த விலை என்பது விற்பவருக்கு இட்ட விதி. பொருள் எடுக்கப் போகும் வீட்டில் அதை எடுத்துக் காட்டிப் பேரம் பேச வேண்டாம்.