விழுந்தவர்களைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது. சர்க்கரை நோய் உண்டு. வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். ஒரு வருடமாக மறதியும் கூடிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாது என்ற நிலையில் நானும் தங்கையும் இரண்டு முதியோர் இல்லங்களைப் பார்த்துவிட்டு வந்தோம். முதல் இல்லம் நட்சத்திர ஓட்டல் மாதிரி இருந்தது. "இதுவரை இங்கே ஒருவர்கூட விழுந்ததில்லை" என்றார்கள். இரண்டாவது பழைய கட்டடம். "போன மாதம் மூன்று பேர் விழுந்தார்கள்" என்று மேலாளர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். தங்கைக்கு முதல் இல்லம் பிடித்திருக்கிறது. எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. நல்ல இல்லம் என்று எதை வைத்து முடிவு செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது, சகோதரி. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். சொந்த வீட்டில், சொந்தக் காலில் நடமாடுகிறவர்களுக்கே இந்தக் கணக்கு. இல்லத்தில் இருப்பவர்கள் இன்னும் தளர்ந்தவர்கள். அங்கே ஒருவர்கூட விழவில்லை என்றால், விழுவதை எழுதிவைக்கும் பழக்கம் இல்லை, அல்லது யாரையும் எழுந்து நடக்கவே விடுவதில்லை. நடக்க விடாமல் வைப்பதுதான் எனக்குப் பயம். நாள் முழுக்க நாற்காலியில் உட்காரவைத்தால் கால் தசை வற்றும், படுக்கைப்புண் வரும். "அம்மா பத்திரமாக இருக்கிறார்" என்று உங்களுக்கும் தகவல் வரும்.

அதற்காகப் பழைய கட்டடத்துக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். அந்த மேலாளரிடம் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். மூன்று பேரும் எங்கே, எத்தனை மணிக்கு விழுந்தார்கள்? அதன்பிறகு என்ன மாற்றினீர்கள்? "இரண்டு பேர் விடியற்காலையில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்தார்கள். இப்போது 5 மணிக்கே ஒரு ஆள் போய் எழுப்பி அழைத்துப்போகிறார். இன்னொருவருக்கு ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் மாற்றினார்" என்ற மாதிரி பதில் வந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். "வயசானா விழத்தானே செய்வாங்க" என்றால் வாசலைப் பார்த்து நடையைக் கட்டுங்கள்.

மருத்துவச் சேவையின் தரத்தை எப்படி அளப்பது என்று 1966-இல் அவேடிஸ் டோனபேடியன் என்ற மருத்துவர் ஒரு வழி சொன்னார். என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், கடைசியில் நோயாளிக்கு என்ன ஆனது என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். சுற்றிக்காட்ட அழைத்துப்போகிறவர்கள் முதலாவதை மட்டும்தான் காட்டுவார்கள். புது லிப்ட், பூந்தோட்டம், பிசியோதெரபி அறை. அந்த அறையின் சைக்கிள் மேல் தூசு படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மற்ற இரண்டையும் நீங்களாகத்தான் தேட வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் என் அத்தையை ஒரு இல்லத்தில் சேர்த்திருந்தோம். பெயர் வேண்டாம். பளபளவென்று இருக்கும், பினாயில் வாசனைகூட வராது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். கட்டில் தலைமாட்டில் அழைப்பு மணியின் ஒயரை அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, சுவரில் உயரமாக ஒரு ஆணியில் மாட்டியிருந்தார்கள். பெருக்குவதற்கு இடைஞ்சலாம். தண்ணீர் டம்ளர் மேஜையில் இருந்தது, மூடியும் போட்டிருந்தது. அத்தையின் கைக்கு ஒரு முழம் எட்டவில்லை. உதடு வெடித்திருந்தது. யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து எந்த இல்லத்துக்குப் போனாலும் என் கண் முதலில் மணியைத்தான் தேடும்.

நீங்களும் அங்கே ஏற்கெனவே இருப்பவர்களைப் பாருங்கள். மூக்குக் கண்ணாடி துடைத்திருக்கிறதா, காது கேட்கும் கருவியில் பேட்டரி இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா? பராமரிப்பாளர் வீல்சேரைத் தள்ளுவதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்கிறாரா, சாமான் வண்டி மாதிரி திருப்பிக்கொண்டு போகிறாரா? குரலையும் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் தரும் தகவல்படி, இப்படிப்பட்ட இல்லங்களில் மூன்றில் இரண்டு ஊழியர்கள் முந்தைய ஓராண்டில் முதியவர்களைத் தவறாக நடத்தியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆள் பற்றாமல், தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்க்கிறவருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? அதனால் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "ராத்திரி 2 மணிக்கு இந்த மாடியில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர்? தீப்பிடித்தால் அவர்களை எப்படி இறக்குவீர்கள், பூட்டிய கதவின் சாவி யாரிடம்?" என்று கேளுங்கள். பராமரிப்பாளர்களிடம் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று சும்மா விசாரித்துப் பாருங்கள். எல்லாரும் மூன்று மாதம், நான்கு மாதம் என்றால் ஏதோ சரியில்லை.

சிசிடிவியைப் பெருமையாகக் காட்டுவார்கள். குளியலறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கேமரா வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. பாதி ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

குளியலறை என்றதும் வெந்நீர். 60 டிகிரி செல்சியஸ் நீர் சுமார் 5 வினாடியில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். சர்க்கரை நோயால் உங்கள் அம்மாவுக்குக் கால் மரத்திருந்தால் சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். குழாயில் வரும் வெந்நீர் 43, 44 டிகிரிக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். நீங்களே குழாயைத் திறந்தும் பாருங்கள்.

அடுத்தது மாத்திரை. யார் கொடுக்கிறார், கொடுத்ததும் எங்கே கையெழுத்துப் போடுகிறார் என்று பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். காலை 11 மணிக்கே ராத்திரி மாத்திரைக்கும் சேர்த்துக் கையெழுத்து விழுந்திருந்தால் அந்தப் பதிவேடு வெறும் காகிதம். அம்மாவுக்கு மறதி இருப்பதால் இதையும் கேளுங்கள்: "ராத்திரி தூங்காமல் நடந்துகொண்டே இருந்தால் என்ன செய்வீர்கள்?" "மாத்திரை கொடுத்துவிடுவோம்" என்று சட்டென்று பதில் வந்தால் உஷார். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகளைக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. டாக்டர் தீர யோசித்து, குறைந்த நாளுக்குக் கொடுப்பது வேறு. நைட் ஷிப்டில் இருப்பவர் நிம்மதியாகத் தூங்குவதற்காகக் கொடுப்பது வேறு.

மாதாமாதம் எடை பார்க்கிறார்களா என்பதும் முக்கியம். ஒரே மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். 50 கிலோ இருப்பவருக்கு அது இரண்டரைக் கிலோதான். சேலை கட்டியிருந்தால் பார்வைக்குத் தெரியாது.

ஒப்பந்தத்தைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட யார் இருப்பார்கள், எதற்கெல்லாம் தனிக் கட்டணம், பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பி வரும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

சேர்த்த பிறகும் வேலை முடியாது. போகும்போதெல்லாம் அம்மாவின் குதிகாலையும் இடுப்புக்குக் கீழேயும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண் ஆரம்பம். நம் மாதிரி மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எடுபடாது. அந்த இடம் மட்டும் கருத்து, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இதைப் பார்க்க அனுமதி மறுக்கிற இல்லம், பார்வையாளர் நேரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் என்கிற இல்லம், இரண்டும் வேண்டாம்.

தங்கையிடம் சண்டை போடாதீர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு இல்லங்களுக்கும் இன்னொரு முறை போங்கள். முன்கூட்டியே சொல்ல வேண்டாம். ஆள் குறைவாக இருக்கும் நேரமாக, விடுமுறை நாள் சாயங்காலமாகப் பார்த்துப் போங்கள். முடிந்தால் அம்மாவையும் அழைத்துப் போங்கள். அவர் தங்கப்போகும் கட்டிலில் உட்காரவைத்து, மணியை அவர் கையாலேயே அழுத்தச் சொல்லுங்கள். மேலாளரிடம் பேசுவதை நிறுத்திவிட்டு நீங்களும் தங்கையும் கடிகாரத்தைப் பாருங்கள்.