ஐ.டி.ஐ. உதவித்தொகை வரவில்லையா?

கேள்வி: மகன் வியாசர்பாடி அரசுப் பள்ளியில் 10-ம் வகுப்பு முடித்து, அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் சேர்ந்திருக்கிறான். உடன் படிப்பவர்களுக்கு உதவித்தொகை வருகிறது, இவனுக்கு வரவில்லை. என்ன செய்வது?

பதில்: பெரும்பாலும் சிக்கல் வங்கிக் கணக்கில்தான். உங்கள் மகனுக்கு வர வேண்டியவை இரண்டு: அரசு ஐ.டி.ஐ. தரும் மாதம் 750 ரூபாய். 6-ம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருந்தால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்.

ஆதாரை வைத்து அனுப்பும் பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதார் 'சீடிங்' (அரசுப் பணம் வருவதற்காக ஆதார் எண்ணைக் கணக்கோடு இணைப்பது) ஆனதோ அங்கேதான் போகும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருந்தால் மட்டும் போதாது. பள்ளியில் தொடங்கிய பழைய கணக்கு முடங்கிக் கிடந்தால் பணம் திரும்பிவிடும். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி காட்டுகிறது என்று பாருங்கள். அது பழைய வங்கி என்றால், இப்போதைய கிளையில் சீடிங் படிவம் எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பிறகு ஐ.டி.ஐ. அலுவலகத்திலும் எழுத்து மூலம் சொல்லுங்கள். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது.

கணக்கு சரியாக இருந்தால், சான்றிதழ்களில் பெயரும் இனிஷியலும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

பணம் வரவில்லை என்று வகுப்பை மட்டும் விட்டுவிட வேண்டாம். வருகை 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத முடியாது.

படிப்பு முடிந்து நிறுவனத்தில் அப்ரென்டிஸாக (தொழில் பழகுநராக) சேரும்போது, ஒப்பந்தம் மத்திய அரசின் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு இல்லையேல், மத்திய அரசு தரும் உதவித்தொகைப் பங்கு கிடைக்காது.